கம்பியூட்டர் நின்றது ராசாத்தி அத்தையால் அல்ல

மகளே,

நீயும் அம்மாவும் லுணுகலை டவுனுக்குப் போய் ஒரு மணித்தியாலம் ஆகிறது. செருப்பு, குடை, ரயிலில் தின்ன ஏதாவது என்று வாங்கிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவீர்கள். அதற்குள் நான் இதை எழுதி முடித்து உன் பையில் உடுப்புகளுக்கு மேலே வைத்துவிட வேண்டும். அடியில் வைத்தால் நீ கொழும்புக்குப் போய்ப் பையைப் பிரிக்கும்போதுதான் பார்ப்பாய். அதற்குள் காரியம் கெட்டுவிடும். நாளைக் காலை பதுளையில் ரயில் ஏறுவதற்கு முன்னால், இந்தத் தோட்டத்து லயத்தில், நம் வீட்டில் நிற்கும்போதே நீ இதைப் படித்தாக வேண்டும்.

ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாரே இந்த மனுசன், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நினைப்பாய். மூன்று வாரமாக வாயால் சொல்லத்தான் பார்க்கிறேன். "மகள்" என்று கூப்பிடுவேன். நீ திரும்பிப் பார்ப்பாய். "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். இந்த மூன்று வாரத்தில் நான் குடித்த தேத்தண்ணியில் ஒரு கலியாண வீட்டையே நடத்தியிருக்கலாம்.

நேற்று மத்தியானம் வரைக்கும் அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ வேலைக்குப் போகிறாய் என்று கோழி அடித்து, லயத்தில் நாலு வீட்டாரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். எல்லாரும் இலையில் கை வைத்திருக்கும்போது நீ சொன்னாய்: "அப்பா மட்டும் இல்லாட்டி எனக்கு இந்த வேல கெடச்சே இருக்காது. கடைசி நேரத்துல கம்பியூட்டரக் காப்பாத்தினது அவருதான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பார்த்தேன். அப்போது அம்மா, "ராசாத்தி ஏன் வரல? நீ போய்ச் சொல்லலையா?" என்று கேட்டாள். நீ கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொன்னேம்மா. வரலன்னுட்டாங்க. செஞ்சது மனசுல உறுத்துது போல" என்றாய்.

உறுத்துவது எனக்கு, மகளே. ராசாத்தி அத்தை ஒன்றுமே செய்யவில்லை. உன் கம்பியூட்டர் அந்தப் பாடு பட்டதற்கு அவளும் காரணமில்லை, அவள் சோறு ஆக்கிய கரண்ட் குக்கரும் காரணமில்லை. நான் செய்த ஒரு வேலைதான் காரணம். அது தெரிந்தே மறைத்தேன். மறைத்ததோடு நிற்காமல் பழியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போட்டேன். இப்போது எனக்கு இருக்கிற பயமெல்லாம் நீ அவளைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டே ரயில் ஏறிவிடுவாயோ என்பதுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பாதியும் தெரியாத பாதியும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள். அந்தக் கம்பனி உனக்கு ஒரு பரீட்சை வைத்தது. இன்னும் கட்டாத ஒரு ஹோட்டலை, கட்டி முடித்து அதற்குள் ஒருவர் நடந்து போகிற மாதிரி, ஒரு நிமிடப் படமாகச் செய்து வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆள். உன் பழைய கம்பியூட்டருக்கு அந்தப் படத்தை உருவாக்கித் தள்ளும் சக்தி இல்லை என்று பதுளை பஸாரில் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரிடம் போய், யாரோ பாவித்த ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கி வந்தாய். ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. அதன் தலையில் கரண்ட் வயர் குத்துவதற்கு இரண்டு இடம். நம் கம்பியூட்டரின் பவர் சப்ளையிலிருந்து வருவதோ ஒரே ஒரு வயர்.

நீ அப்போதே சொன்னாய். "அப்பா, இதுக்கு ரெண்டு வயர் தனித்தனியா வரணும். பவர் சப்ளையும் பெருசாப் போட்டே ஆகணும்னு நானா சொன்னாரு."

என்னிடம் சொல்கிற பேச்சா அது? இருபத்தெட்டு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவன் நான். நீ தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நான் கரண்டில் அடிபட்டு எழுந்தவன். எனக்குச் சுர்ரென்று வந்தது. "கடைக்காரன் விக்கத்தான் பாப்பான். கரண்டப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத. ரெண்டாவது வயர நான் கொண்டாறேன்" என்றேன். மறுநாள் கொண்டு வந்தும் தந்தேன். லுணுகலையில் ஒரு கடையில் வாங்கியது என்று சொன்னேன். நீ சந்தோசமாக வாங்கிக் குத்தினாய்.

அது கடையில் வாங்கியது இல்லை. தொழிற்சாலையில் என் மேசையில் வைத்து நானே செய்தது. வந்த ஒரே வயரை இரண்டாகப் பிரித்து, இரண்டு தலை வைத்து, மேலே கறுப்பு உறை போட்டுச் சுருக்கி, கடைச் சாமான் போலவே முடித்தேன். லயத்தில் நாம் செய்யாததா? ஒரு வீட்டுக்கு வந்த கரண்டை நடுச்சுவருக்கு மேலே, கூரை இடுக்கு வழியாக வயர் இழுத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோம். இரண்டு வீட்டிலும் பல்பு எரிகிறது. நம் வீட்டிலிருந்து ராசாத்தி வீட்டுக்குப் போன வயரும் அப்படித்தான், அதை இழுத்ததும் நான்தான். அதே பழக்கத்தில், அதே கையால் உன் கம்பியூட்டருக்குள்ளும் ஒரு லயத்தைக் கட்டிவிட்டேன். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வாட் கணக்கையும் அன்றைக்கே பார்த்தேன். அந்தக் கார்ட் இழுக்கிற இழுவைக்கு அது பத்தாது என்று எனக்குத் தெரியும். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நினைத்தேன்.

லயத்தில் யாராவது ஃபியூஸ் போகாமல் இருக்கத் தடித்த கம்பியைச் சுற்றினால் நான் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று உனக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் மூன்றாம் வீட்டுக்காரரோடு சண்டை பிடித்து, அவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தீபாவளி விடிந்தும் அந்த வீட்டில் பாட்டு இல்லை. கடைசியில் உன் அம்மா என் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். "லயம் எரிஞ்சா ஒரு வீடு மட்டுமா எரியும்? ஒரே கூரையில்லையா?" என்று ஊருக்கே வகுப்பு எடுத்த அந்த மனுசன்தான் உன் கம்பியூட்டருக்குள் இந்த வயரை வைத்தவன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நீ படத்தை உருவாக்க விட்டாய். விசிறி இரைந்தது, முக்கால் மணித்தியாலம் ஓடியது, பிறகு டக்கென்று எல்லாம் செத்தது. எச்சரிக்கை இல்லை, பிழை என்று ஒரு வரி இல்லை. திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல வந்தது. பாட்டுக் கேட்டால் நிற்காது, எழுதினால் நிற்காது, அந்தப் படத்தை உருவாக்கச் சொன்னால் மட்டும் நிற்கும். நீ ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தாய்: எத்தனை மணிக்கு நின்றது, சூடு எவ்வளவு, அப்போது என்ன ஓடியது. நீ குளிக்கப் போன நேரம் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைக்கு வந்து போன எந்த எஞ்சினியரும் அவ்வளவு ஒழுங்காக எழுதி நான் கண்டதில்லை. பெருமையாகத்தான் இருந்தது. இப்படித் தேடுகிற பிள்ளை கண்டுபிடித்துவிடுமே என்று பயந்தேன்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைப் பிடித்தாய். சூடு இறங்கியது, அப்படியும் நின்றது. கார்டுக்கான மென்பொருளை அழித்து மறுபடி போட்டாய், நின்றது. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்த்தாய், நின்றது. பழைய கார்டைத் திரும்பப் போட்டாய். ஒரு பகல் முழுக்க நிற்காமல் ஓடியது, ஆனால் அந்த வேகத்தில் படம் முடிய அடுத்த மாதம் ஆகும். வெள்ளிக்கிழமை கிட்டே வரவர உனக்குச் சாப்பாடு குறைந்தது. மேசைக்குப் பக்கத்தில் யாராவது நடந்தாலே "மெதுவா, மெதுவா" என்று பல்லைக் கடித்தாய். அம்மா கொழுந்துக் கூடையைக் கூட வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். விசிறி இரைகிற சத்தம் கேட்டால் நாம் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அது எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு நடுவில் நீ இரண்டு முறை என்னிடம் கேட்டாய். "அப்பா, இன்டர்நெட்ல எல்லாரும் பவர் சப்ளையத்தான் சொல்றாங்க. அதா இருக்குமோ?" இரண்டு முறையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். "அத நான் பாத்துட்டேன். அது இல்ல."

மகளே, வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லி அனுப்புவது வழக்கம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஒரு பழுதுக்குக் காரணம் கிடைக்காமல் நீ திணறும்போது, "அதை நான் பார்த்துவிட்டேன்" என்று யாராவது சொன்ன இடத்தை முதலில் திறந்து பார். சொன்னவர் பெரியவரா, அனுபவசாலியா, உன்னைப் பெற்றவரா என்று யோசிக்காதே. அவர் கோபப்பட்டால் இன்னும் கட்டாயம் திறந்து பார். நீ ஒரு இடம் விடாமல் தேடினாய். என்னை நம்பியதால் அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டாய்.

செவ்வாய்க்கிழமை நீ கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு நானாவிடம் சண்டை போடப் பதுளைக்குப் போனாய். அவர் சண்டைக்கு வரவில்லை. தன் கம்பியூட்டரில் அதை மாட்டி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கிக் காட்டினார். கார்ட் கல்லு மாதிரி ஓடியது. "தங்கச்சி, பவர் சப்ளை மாத்தினீங்களா?" என்று கேட்டாராம். நீ, "அப்பா எலக்ட்ரீசியன். அவரு பாத்துட்டாரு, அது சரியாத்தான் இருக்காம்" என்று சொன்னாயாம். "அப்ப வீட்டுக் கரண்டத்தான் பாக்கணும்" என்றாராம் அவர். இதை நீ வந்து என்னிடம் சொன்னபோது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "அப்பா, இனி மிச்சம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பவர் சப்ளை, இல்லாட்டி வீட்டுக் கரண்ட். பவர் சப்ளைய நீங்க பாத்துட்டீங்க. அப்ப கரண்ட்தான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து சுவர்ப் பிளக்கில் வைத்தேன். மாலை ஆறு மணி, லயம் முழுக்கச் சோறு ஆகிற நேரம். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. அது பொய்யில்லை. இந்த லயத்தில் அந்த நேரத்தில் அது எப்போதும் அவ்வளவுதான். ஆனால் உன் கொப்பியில் காலையிலும் நின்றிருக்கிறது, பகல் இரண்டு மணிக்கும் நின்றிருக்கிறது. அதை நீயும் மறந்தாய், நான் மறந்த மாதிரி இருந்தேன். "பாத்தியா, ராசாத்தி குக்கர் போட்டிருக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை பின்னேரம் ஏணி வைத்து ஏறி, ராசாத்திக்குப் போகிற வயரைக் குறட்டால் வெட்டினேன். கழற்றியிருக்கலாம். வெட்டினேன். மலையிலிருந்து வந்த களைப்போடு அவள் நம் வாசலுக்கு வந்து, "அண்ணே, எனக்கு மட்டுமா கரண்ட் போச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நீ எழுந்தாய்.

"அத்தை, நீங்க குக்கர் போடுறப்பவெல்லாம் என்னோட கம்பியூட்டர் நிக்குது. ரெண்டு நாள்தான் இருக்கு. உங்க ஒரு குண்டான் சோத்துக்கு என் வாழ்க்கையே போகுது!"

அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ஏன்ணே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே குக்கரத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில போட்டிருப்பேனே. வயர அறுக்கணுமா?" என்றாள். பிறகு உன் பக்கம் திரும்பி, "நீ வேலையப் பாரு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

நீ பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடித்துப் பதுளையில் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று அழுதபோது, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஸ்க்ரூ டிரைவர் படிப்பு என்று சொன்னவன் நான். அதே வாசலில் நின்று என்னோடு ஒரு பின்னேரம் முழுக்க வாதாடியவள் ராசாத்தி. "நீங்க மட்டும் ஸ்க்ரூ டிரைவர் புடிச்சுத்தானே சோறு தின்னுறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் உன்னைப் படிக்க விட்டேன். அம்மா விடியவே பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டிய நாட்களில் உன்னைச் சந்தி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு, தான் தாமதமாகப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கினவளும் அவள்தான். இதெல்லாம் உனக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பயம் பிடித்த மனசு அந்த நேரத்தில் எதையும் நினைக்காது. அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவன் நான். அதனால் நீ சொன்ன அந்தச் சொல்லில் பாதிக்கு மேல் என்னுடையது.

வியாழக்கிழமை நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். காலை பத்து மணிக்கு, ராசாத்தி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், அவள் வீட்டு வயர் அறுந்து தொங்குகிற நேரத்தில், உன் கம்பியூட்டர் டக்கென்று நின்றது. நீ கத்துவாய் என்று பார்த்தேன். கத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப யாருப்பா குக்கர் போட்டது?" என்று மெதுவாகக் கேட்டாய். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், அந்தக் கேள்வி போல எதுவும் என்னைச் சுட்டதில்லை. "பீலியில போய் முகத்தக் கழுவிட்டு வா, நான் ஒரு தடவ பாக்குறேன்" என்று உன்னை அனுப்பினேன்.

நீ படி இறங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். என் கறுப்பு உறை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூட்டு உருகிக் கருகியிருந்தது, பக்கத்தில் ஒரு வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும், மோட்டார் எரியும்போது வருகிற அதே நாற்றம். இன்னும் ஒரு அரை மணித்தியாலம் அது நிற்காமல் ஓடியிருந்தால் நின்றிருக்க வேண்டியது நாம்தான், எரிகிற லயத்துக்கு வெளியே. உன் கம்பியூட்டர் திரும்பத் திரும்ப நின்றது நம்மைக் காப்பாற்றத்தான் என்று அப்போது புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ திரும்பி வருவதற்குள் அந்தக் கருகின வயர்த் துண்டை அறுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"குக்கர் போட்டுப் போட்டு வோல்டேஜ் எறங்கினதுல பவர் சப்ளை அடிபட்டிருக்கு மகள். நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது பார். நானா கடையில் சரியான தலை பார்த்து வாங்குவதற்காக அந்தக் கருகின வயர்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அண்ணன், யார் செஞ்ச வேலை இது? வீடு எரிஞ்சிருக்குமே." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளதான். தெரியாம செஞ்சிருச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "படிச்ச புள்ளன்னு நெனச்சேன்" என்றார். போன கிழமை நீ அங்கே போயிருந்தபோது அவர் உன்னிடம், "வயர் வேலையெல்லாம் நீங்க செய்யாதீங்க தங்கச்சி" என்றாராமே. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நீ வந்து என்னைக் கேட்டாய். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். காரணம் இதுதான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பின்னேர பஸ்ஸில் நான் வந்து சேர்ந்தேன், இரண்டு பேருமாகப் புதுப் பவர் சப்ளையைப் பூட்டினோம், இரண்டு வயரையும் தனித்தனியாகக் குத்தினாய். விசிறி இரைந்தது. முக்கால் மணித்தியாலம் தாண்டியது. ஒன்றரை மணித்தியாலம் தாண்டியது. நீ கொப்பியை மூடினாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்குப் படம் முடிந்தது. லயத்தில் சிக்னல் இல்லை என்று படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினாய், நான் பின்னால் குடையோடு ஓடினேன். அனுப்புகிற கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். "அப்பா, அப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். என் காற்சட்டைப் பைக்குள் அந்தக் கருகின மூட்டு தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே புது வயர் எடுத்துக்கொண்டு ராசாத்தி வீட்டுக்குப் போனேன். "வேணாம்ணே. உங்க கரண்ட் உங்களுக்கே இருக்கட்டும்" என்றாள். மூன்று வாரத்துக்கு மேலாகக் குப்பி விளக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய மகன் அனுப்பிய குக்கரைக் கழுவித் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். நீ சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோதும் வாசலோடு திரும்பிவிட்டதால் இதெல்லாம் உனக்குத் தெரியாது.

இன்று காலை, நீங்கள் டவுனுக்குப் புறப்படுவதற்கு முன்னால், நீ பை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அங்கே போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கருகின வயர்த் துண்டை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வயர் செய்தது, மறைத்தது, அவள் மேல் போட்டது, நானாவிடம் உன் மேல் போட்டது வரைக்கும். அவள் ஊதுகுழலைக் கீழே வைக்காமலே கேட்டாள். ஏசுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"இல்ல. அது ரயில் ஏறுறதுக்கு முன்ன சொல்லிருன்னு மனசு சொல்லுது" என்றேன்.

"சொல்லாதீங்கண்ணே. நாளைக்கு மொத மொதலா வெளிய போகுது. அப்பன நம்பித்தான் போகுது. அந்த நம்பிக்கைய ஒடச்சு அனுப்பினா அங்க போய் யாரத்தான் நம்பும்? என்மேல கோவமாப் போனா போகட்டும். நான் இங்கயேதானே இருக்கப் போறேன்."

நான் அதற்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தேன். உங்கள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது எனக்கு உடம்பே லேசாக இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து உன் பையைப் பார்த்தேன். அடுத்த வீட்டில் ஒரு பொம்பிளை என் பிழையைச் சுமந்துகொண்டு இருட்டில் சோறு ஆக்குகிறாள், நான் இங்கே லேசாக இருக்கிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை மகளே. அதனால்தான் உன்னுடைய அந்தக் கொப்பியிலேயே கடைசித் தாள்களைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு இன்றைக்கு நானே வாயால் சொல்வேன். இருபத்தாறு வருடமாக என் வாயிலிருந்து "நான் செஞ்சது பிழை" என்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், கேட்டுவிட்டுப் போகட்டும். நானாவிடம் அடுத்த கிழமை போய்ச் சொல்வேன், நீ கெட்டிக்காரிதான், கெடுத்தது நான்தான் என்று. என்னை நம்ப வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் என்னை நம்புகிறதாக இருந்தால் இதையும் தெரிந்துகொண்டு நம்பு.

பஸ் வருகிற நேரமாகிவிட்டது. இதைப் படித்து முடித்ததும் என்னிடம் வராதே. நான் வாசல் பக்கத்து முன் அறையில், காம்பராவில்தான் உட்கார்ந்திருப்பேன், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆனாலும் நிற்காதே. நேராக ராசாத்தி வீட்டுக்குப் போ. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னைத் தடுத்தது உனக்குத் தெரியும் என்பதையும், நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை என்பதையும் அவளிடம் சொல். அங்கே எவ்வளவு நேரம் இருக்கத் தோன்றுகிறதோ அவ்வளவு நேரம் இரு. சாப்பிடச் சொன்னால் சாப்பிடு.

அதற்குப் பிறகு, மனசு வந்தால், என்னிடம் வா. ஏசுவதற்காவது வா, மகளே.

அப்பா